வலி ஆஜராகவில்லை

மிக்கேலம்மாள் மூன்று வருடமாகச் சிரிக்கவில்லை. ஊரில் அதைக் கர்வம் என்றார்கள். கோயிலில் பக்கத்து வரிசைக்காரி குசலம் கேட்டால் கண்ணை மட்டும் தாழ்த்திப் பதில் சொல்லுகிறவளை வேறு என்னவென்று சொல்வது? மகன் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போன நாளிலிருந்து அவளுக்குத் தலைகால் புரியவில்லை என்று நாள் நட்சத்திரத்தோடு காரணமும் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள்.

உண்மையில் அவள் முகத்தின் இடது பக்கத்தில், மூக்குக்கும் காதுக்கும் நடுவே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருந்தது. அதில் காற்றுப் பட்டாலோ, தண்ணீர் பட்டாலோ, ஒரு சொல் வாயிலிருந்து கொஞ்சம் அகலமாக வெளியே வந்தாலோ போதும். கரண்டு கம்பி அறுந்து கன்னத்தில் விழுந்ததுபோல ஒரு வெட்டு வெட்டும். அரை நிமிடம், மிஞ்சினால் முக்கால் நிமிடம். பிறகு ஒன்றுமே நடக்காததுபோல் ஓய்ந்துவிடும். ஒரு வெட்டு முடிந்த கையோடு இரண்டு நிமிடத்துக்கு அது மறுபடி வராது என்பதை அவள் பழக்கத்தில் தெரிந்துகொண்டிருந்தாள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் கஞ்சியைக் குடிப்பாள், முகத்தைக் கழுவுவாள், புருசன் ஸ்தனிஸ்லாசிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடிப்பாள். மற்றவர்களுக்கு ஒரு நாளைக்கு இருபத்துநாலு மணி நேரம். அவளுக்கு வலி விட்டுவைக்கிற துண்டு துக்காணிகள்.

முதலில் பல் என்றார்கள். டவுனில் ஒரு பல் வைத்தியர் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி நிற்கவில்லை என்றதும் பக்கத்துப் பல்லின்மேல் சந்தேகப்பட்டார். இப்படியாக ஏழு பற்கள் ஒவ்வொன்றாகக் குற்றம் சாட்டப்பட்டு வெளியேற்றப்பட்டன. எட்டாவதில் குறடு பட்டபோது மிக்கேலம்மாள் நாற்காலியை விட்டு எழுந்து போய்விட்டாள். அந்த எட்டாவதுதான் காரணம் என்று அவர் இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த டாக்டர் ராஜாமணிதான் விஷயத்தைச் சொன்னார். இளைஞர். சொல்வதை நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும் என்ற கெட்ட பழக்கம் இன்னும் அவரை விடவில்லை.

"பல் இல்லீங்கம்மா இது. மூளையில இருந்து முகத்துக்கு வர்ற நரம்பு. மாத்திரை தர்றேன்."

மாத்திரை ஒரு வருடம் கேட்டது. அப்புறம் வலி பழகிக்கொண்டது. தலைசுற்றல் மட்டும் பழகவில்லை. கிணற்றுமேட்டில் அவள் விழுந்து, நல்லவேளையாகக் கிணற்றுக்கு வெளிப்பக்கமாக விழுந்த பிறகு, ஆபரேஷன்தான் வழி என்றார் டாக்டர். மெட்ராசில் செய்கிறார்கள். மூன்று விதம்.

"ஒண்ணு, கன்னத்து வழியா ஊசிய வுட்டு நரம்புகிட்ட மருந்து போடறது. சுலபம். கொஞ்ச வருசத்துல வலி திரும்பி வரலாம். ரெண்டாவதும் ஊசிதான், ஆனா நுனியில சூடு குடுத்து நரம்பச் சுட்டுடுவாங்க. வலி போயிடும். அந்தப் பக்கம் முகம் மரத்துப் போகலாம். மூணாவது, காதுக்குப் பின்னால மண்ட ஓட்டத் தொறந்து, நரம்ப அமுக்கிட்டு இருக்கிற ரத்தக்குழாய நவுத்தி வெக்கிறது. கன்னத்துல உணர்ச்சி பெரும்பாலும் இருக்கும். ஆனா பெரிய ஆபரேஷன். உயிருக்குக் கொஞ்சம் பயம் உண்டு. எதுன்னு நீங்க யோசிச்சுச் சொல்லணும்."

யோசிக்கச் சொல்லி அவளிடம் யாரும் எதையும் விட்டதில்லை. கல்யாணத்தையே அப்பன் யோசித்தார். ஊருக்குத் திரும்புகிற இண்டூர் பஸ்ஸில், காற்றுப் படாத நடு சீட்டில், முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு அவள் யோசித்தாள். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவார்களா? மரத்துப்போன கன்னம் யாருடைய கன்னம்? அது பாட்டுக்கு அங்கே ஒட்டிக்கொண்டிருக்கும், விருந்துக்கு வந்து திரும்பிப் போகாத ஒன்றுவிட்ட அத்தைபோல. இல்லை, கன்னம் அவளுக்கு வேண்டும். ஆனால் பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கன்னத்தில் கம்பி விழுந்தது. அந்த அரை நிமிடத்தில், வீட்டோடு கொளுத்துங்கள், தெருவோடு கொளுத்துங்கள் என்றிருந்தது. இந்த இரண்டு பேரில் எவள் நிஜமான மிக்கேலம்மாள் என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

எவளாக இருந்தாலும் மெட்ராசுக்குப் போக ஒரு கடிதம் வேண்டுமாம். சுற்றறிக்கை வந்திருந்தது. அதை வழங்குவதற்கென்றே 'மாவட்ட முகவலி மேற்சிகிச்சைப் பரிந்துரைக் குழு' என்று ஒன்றை ஏற்படுத்தியிருந்தார்கள்.

குழு ஒரு பழைய பட்டுப்புழு வளர்ப்புக் கூடத்தில் இயங்கியது. 'சத்தம் செய்யாதீர், புழுக்கள் வளர்கின்றன' என்ற பலகை சுவரில் அப்படியே இருந்தது. குழுவின் எழுத்தர் தீர்த்தகிரி விண்ணப்பத்தை நீட்டினார். முகவலிக்கென்று தனிப் படிவம் அச்சாகி வராததால், பயிர்ச்சேதப் படிவத்தில் 'பயிர்' என்ற இடத்தை அடித்து 'முகம்' என்று எழுதியிருந்தது.

"சேத விழுக்காடு எவ்வளவும்மா? அம்பதுக்குக் கீழ இருந்தா எடுக்க மாட்டாங்க."

ஸ்தனிஸ்லாஸ் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "பாதி மூஞ்சிதாங்க. அம்பதுன்னு போடலாங்களா?"

"அம்பத்தொண்ணுன்னு போடுங்க. பத்திரம்" என்றார் தீர்த்தகிரி. கெட்டவர் இல்லை.

நிலமென்றால் கிராம நிர்வாக அலுவலர் எல்லை குறித்துத் தர வேண்டும். படிவத்தில் அந்தப் பத்தியை அடிக்க மறந்துவிட்டார்கள். ஆகவே சென்னப்பன் என்கிற கிராம நிர்வாக அலுவலர் ஒரு திங்கட்கிழமை மிக்கேலம்மாளின் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவள் முகத்தை நேரில் தணிக்கை செய்தார்.

"கெழக்க மூக்கு. மேக்க காது. வடக்க கண்ணு. தெக்க தாடை. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட வலி" என்று சொல்லிக்கொண்டே எழுதியவர், பேனாவை நிறுத்தினார். "இந்தாண்ட திரும்புங்கம்மா." அவள் திரும்பினாள். "அடடா, மூக்கு இப்ப மேக்க போயிடுச்சே. வில்லங்கம் ஆயிடுமே."

நெடுநேரம் யோசித்து அவர் ஒரு நல்ல முடிவுக்கு வந்தார். 'மனுதாரர் வடக்கு நோக்கி அமர்ந்திருக்கும் நிலையில்' என்று ஒரு வரியைச் சேர்த்து முத்திரை வைத்தார்.

இந்த வரியின் மகிமை முதல் அமர்வில்தான் தெரிந்தது. குழுவின் மேஜை கூடத்தின் தெற்குச் சுவரோரம், காந்தி படத்துக்குக் கீழே போடப்பட்டிருந்தது. சான்றிதழ்ப்படி மிக்கேலம்மாள் வடக்கு நோக்கி அமர வேண்டும். அமர்ந்தாள். அதாவது குழுவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

தலைவர் கிருஷ்ணப்பன் சுகாதாரத் துறையில் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். ஒருவர் வெற்றிலை போட்டவர். மற்றவர் கறுப்புக் கண்ணாடி போட்டவர்.

"விதி ஏழின்படி," என்றார் தலைவர், "குழு வலியைத் தன் கண்ணால் காண வேண்டும். செவிவழிச் செய்தியை ஏற்பதற்கில்லை. நான் முப்பத்திரண்டு ஆண்டு பணிக்காலத்தில் ஒரு நோயாளியையும் தொட்டதில்லை. தொட்டால் பாரபட்சம் வந்துவிடும். ஆனால் பார்ப்பேன். பார்ப்பதில் எனக்கு நிகர் நானே."

மூவரும் மிக்கேலம்மாளின் கொண்டையை இருபது நிமிடம் பார்த்தார்கள்.

"அய்யா, மூஞ்சி இந்தப் பக்கம் இருக்குதுங்களே" என்றான் ஸ்தனிஸ்லாஸ்.

"முகம் எங்கே இருக்கிறது என்று குழுவுக்குத் தெரியும். ஆவணப்படி திசை சரியாக இருக்கிறதா என்பதே கேள்வி. சரியாக இருக்கிறது. எழுதிக்கொள்ளும் தீர்த்தகிரி: மனுதாரர் ஆஜர். வலி ஆஜராகவில்லை. அடுத்த மாதத்துக்கு வாய்தா."

மிக்கேலம்மாள் சுவரைப் பார்த்தபடியே அதைக் கேட்டாள். வலி வராத இருபது நிமிடம் அவளுக்கு அந்த வருடத்தில் அதுதான் முதல் தடவை. அதற்காக மகிழ்வதா அழுவதா என்று புரியாமல், வலி வராதா என்று தான் ஏங்கியதை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. பிள்ளை பேச்சுப்போட்டி மேடையில் வாயடைத்து நின்றால் தாய்க்கு இப்படித்தான் இருக்கும். வீட்டில் அந்தச் சத்தம் போடுகிறது, இங்கே வந்து மானத்தை வாங்குகிறது.

திசைத் திருத்த மனுவுக்கு ஒரு மாதம் ஆயிற்று. இரண்டாவது அமர்வு ஆடியில் விழுந்தது. இந்தத் தடவை அவள் தெற்கு நோக்கி, குழுவுக்கு நேர் எதிரே அமரலாம் என்று உத்தரவு இருந்தது. ஆடிக்காற்று வெளியே புளியமரங்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தது. இன்றைக்கு நிச்சயம் வரும் என்று அவளுக்குத் தெரியும். முந்தானையைக் கன்னத்திலிருந்து விலக்கிக்கொண்டு காத்திருந்தாள்.

தலைவர் எழுந்தார். எல்லோரும் எழுந்தார்கள்.

"அலுவலைத் தொடங்கும் முன் ஒரு துயரச் செய்தி. நம் குழுவின் நான்காவது உறுப்பினர் காலமாகிவிட்டார். அவர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. ஆனால் வர இயலாமைக்கு ஒவ்வொரு முறையும் தவறாமல் கடிதம் அனுப்பிய பண்பாளர். இரண்டு நிமிடம் கண்மூடி மௌனம் காப்போம்."

மூவரும் கண்ணை மூடினார்கள். தீர்த்தகிரியும் மூடினார். ஸ்தனிஸ்லாஸ் சிலுவை போட்டுக்கொண்டு மூடினான். அப்போது கதவு தடாலென்று திறந்து காற்று உள்ளே வந்தது.

மிக்கேலம்மாள் மேஜை விளிம்பைப் பிடித்தாள். முகம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. இடது கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. மௌனத்துக்கு நடுவில் அது நன்றாகவே கேட்டது. யாரும் கண்ணைத் திறக்கவில்லை. மரியாதை அப்படி.

இரண்டு நிமிடம் முடிந்து தலைவர் கண் திறந்தபோது அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவர் நெகிழ்ந்துபோனார்.

"பார்த்தீர்களா! நேரில் அறியாத ஒரு மனிதருக்காக ஒரு கிராமத்துப் பெண்மணி விம்மி அழுகிறார். இதுவல்லவா மக்களுக்கும் குழுவுக்கும் இடையே உள்ள பந்தம்!"

"அய்யா, அதுதாங்க வலி! இப்ப வந்துச்சே, அதுதாங்க!" என்று ஸ்தனிஸ்லாஸ் கத்தினான்.

"துக்கம் என்றால் வலி இருக்கத்தான் செய்யும், தம்பி" என்றார் தலைவர். மிக்கேலம்மாளின் கண்ணீரை மறைந்த உறுப்பினரின் குடும்பத்தாருக்குத் தெரிவிக்க ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மற்ற அலுவல்கள் ஒத்திவைக்கப்பட்டன.

திரும்பி வருகிற வழியில் அவளுக்குக் குழுவின்மேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அவள்மேலேயே வந்தது. வெட்டு முடிந்து அவளுக்கு முழுசாக இரண்டு நிமிடம் கிடைத்திருந்தது. வாயைத் திறந்து எதையும் சொல்லியிருக்கலாம். அதை அவள் முகம் துடைப்பதில் செலவழித்தாள். அழுத முகத்தோடு பெரியவர்கள் முன்னால் நிற்கக் கூடாது என்று சின்ன வயதில் யாரோ சொல்லிக்கொடுத்திருந்தார்கள். யாரென்று நினைவில்லை. கை மட்டும் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது அமர்வில் குழு ஒரு படி முன்னேறியது. வலியைப் பார்த்த பிறகு நேரம் வீணாகக் கூடாது என்பதால், எந்த ஆபரேஷன் என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுவது என்று தீர்மானித்தது. கடிதம் தட்டச்சாகித் தயாராக மேஜைமேல் இருந்தது. 'மேற்படி மனுதாரருக்கு' என்பதற்குப் பின்னால் ஓர் இடைவெளி, பிறகு 'முறையில் சிகிச்சை அளிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது.' மூவர் கையெழுத்தும் முன்பே வாங்கியாகிவிட்டது. முத்திரை ஒன்றுதான் பாக்கி.

வெற்றிலை உறுப்பினர் ஊசி மருந்தை ஆதரித்தார். "நம் மக்களுக்கு ஊசி போட்டால்தான் வைத்தியம் பார்த்த திருப்தி. இது உளவியல்."

கறுப்புக் கண்ணாடி உறுப்பினர் சூட்டை ஆதரித்தார். "சூடு நம் மரபு. மாட்டுக்குப் போடுகிறோம், மஞ்சள்காமாலைக்குப் போடுகிறோம். மரத்துப் போகுமே என்கிறார்கள். எனக்கு நாற்பது வருடமாக எதிலும் உணர்ச்சி கிடையாது. நான் உயர்பதவி வகிக்கவில்லையா?"

தலைவர் மண்டையைத் திறக்க வேண்டும் என்றார். "ஊசி என்றால் கோப்பு நான்கே பக்கம். மண்டை என்றால் இருபத்தேழு இணைப்புகள். குழு உழைத்திருக்கிறது என்பது மேலிடத்துக்குத் தெரிய வேண்டாமா?"

வாக்கெடுத்தார்கள். ஆளுக்கு ஒன்று விழுந்தது. மறுபடி எண்ணிப் பார்த்தார்கள், அதேதான். பிறகு தலைவரின் முகம் மலர்ந்தது.

"முகம் பெரிதாகத்தானே இருக்கிறது? பகிர்ந்துகொள்வோம். நெற்றி ஊசிக்கு. கன்னம் சூட்டுக்கு. தாடைக்காக மண்டையைத் திறப்போம். எந்த உறுப்பினர் மனமும் புண்படாது."

"அய்யா," என்றான் ஸ்தனிஸ்லாஸ், "அவளுக்கு நெத்தியில ஒண்ணுமே இல்லீங்க."

"இன்று இல்லை. குழு தொலைநோக்கோடு சிந்திக்கிறது."

இடைவெளியில் 'மூன்று' என்று எழுதுவதா 'மும்முனை' என்று எழுதுவதா என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். மிக்கேலம்மாள் தன் முகத்தை மூன்று பேர் பங்கு பிரிப்பதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதில் நாலாவது பங்காளியாகத் தன் பெயர் வருமா என்று காத்திருந்தாள் என்றுகூடச் சொல்லலாம். வரவில்லை.

தலைவருக்கு முன்னால் ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. அவள் எழுந்து போய் அதை எடுத்தாள். மூன்று வருடமாக ஒரு சொட்டுக்குப் பயந்து காத்துவந்த இடம். இருமலுக்கும் தும்மலுக்கும் கணக்குப் பார்த்து நடந்த உடம்பு. வலிக்குத் தானே கதவு திறந்துவிடப் போகிறோம் என்பதை அவள் கையாலேயே நம்ப முடியவில்லை. இடக்கையில் தண்ணீரை ஊற்றி, நான்கெல்லைக்கும் நடுவே ஓங்கி அறைந்துகொண்டாள்.

வந்தது. இதுவரை வந்ததிலெல்லாம் பெரியதாக வந்தது. டம்ளர் உருண்டது. அவள் முழங்காலில் விழுந்து மேஜைக் காலைக் கட்டிக்கொண்டாள். இந்தத் தடவை ஆறு கண்ணும் திறந்திருந்தன. கறுப்புக் கண்ணாடி உறுப்பினர் கண்ணாடியையே கழற்றிவிட்டார். வெற்றிலை உறுப்பினர் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "முப்பத்தெட்டு விநாடி" என்றார்.

"பாத்தீங்களாய்யா? பாத்தீங்கல்ல?" ஸ்தனிஸ்லாஸ் மூன்று பேரையும் மாறிமாறிப் பார்த்தான்.

தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "பார்த்தோம். மறுக்கவில்லை. ஆனால் விதி ஏழு, உட்பிரிவு இரண்டு: வலி தானாக வந்திருக்க வேண்டும். இது மனுதாரர் வரவழைத்த வலி. விருந்தாளியை அழைத்து வந்துவிட்டு அத்துமீறி நுழைந்தான் என்று புகார் கொடுக்க முடியுமா? வாய்தா."

மிக்கேலம்மாள் எழுந்தாள். முகத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கவில்லை.

"அய்யா, இன்னும் ரெண்டு நிமிசம் எனக்கு வலிக்காது. அதுக்குள்ள பேசிடறன்" என்றாள். அந்தக் குரலைக் குழு அப்போதுதான் முதல்முதலாகக் கேட்டது. "மூணு மாசமா வர்றங்க. என் முதுகப் பாத்தீங்க. கண்ண மூடிக்கிட்டுப் பாத்தீங்க. இப்பத் தொறந்துகிட்டும் பாத்துட்டீங்க. வலிக்குதான்னு நீங்க கேக்கவே இல்ல. வந்துச்சான்னுதான் கேட்டீங்க. மூணுல எதும்மா வேணும்னு யாராச்சும் ஒருத்தரு கேட்டீங்களா? மூஞ்சி என்னுதுங்கய்யா. வெளங்காமப் போனாலும் என்னுதுதான்."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீர்கள்" என்றார் தலைவர்.

"அது ஒண்ணுதாங்க இன்னும் மிச்சம் இருக்குது. அதைத்தான் சுட்டுப்புடலாம்னு ஓட்டுப் போட்டீங்க."

கடிதத்தைத் தன் பக்கம் இழுத்தாள். முத்திரைக் கட்டையை எடுத்தாள். தீர்த்தகிரி மை அட்டையின் மூடியைத் திறந்து அவள் பக்கமாக நகர்த்தினார். அது பழக்கதோஷம் என்று பின்னால் அவர் எழுத்துமூலம் விளக்கம் அளித்தார். மிக்கேலம்மாள் முத்திரையை மையில் ஒற்றி, மூன்று கையெழுத்துக்கும் நடுவே பலமாகக் குத்தினாள்.

"அந்த காலி எடத்துல என்னா எழுதறது?" என்றான் ஸ்தனிஸ்லாஸ், பேனாவைத் தேடிக்கொண்டு.

"காலியாவே இருக்கட்டும். வாங்க போலாம், நேரம் ஆயிடுச்சு."

அன்றைய நடவடிக்கைக் குறிப்பு இப்படி முடிகிறது: 'மனுதாரர் இரண்டு நிமிடம் பேசினார். பொருள் குழுவின் வரம்புக்கு வெளியே உள்ளது. குடிதண்ணீரை இனி மனுதாரர்கள் கைக்கு எட்டாத உயரத்தில் வைக்கத் தீர்மானிக்கப்பட்டது.'

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் காலை ஆறு மணிக்கே வரிசை தெருமுனை வரை நின்றது. ஸ்தனிஸ்லாஸ் கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பூசை சாமான்போல் இரண்டு கையிலும் ஏந்தி நின்றான். சீட்டு கொடுக்கிறவர் அதை வாங்கிப் படிக்காமலே மறுபக்கம் திருப்பினார். "இதெல்லாம் யாருய்யா கேட்டா? வரிசையில நின்னா சீட்டு" என்று சொல்லி, பின்பக்கம் வெள்ளையாக இருந்ததில் நாற்பத்தேழு என்று எண் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்குச் சீட்டுக் காகிதம் தீர்ந்துபோயிருந்தது.

நாற்பத்தேழைக் கூப்பிட்டபோது மணி ஒன்று. நரம்பு டாக்டர் நரைத்த தலையோடு, பசித்த முகத்தோடு இருந்தார். ராஜாமணி சொன்ன அதே மூன்றையும் மறுபடி சொன்னார். ஒவ்வொன்றிலும் என்ன போகும், என்ன தங்கும் என்று சொன்னார். ஸ்தனிஸ்லாஸ் பதில் சொல்ல வாயெடுத்தபோது கையமர்த்தினார்.

"அவங்க சொல்லட்டும். உங்களுக்கு எதும்மா வேணும்?"

மிக்கேலம்மாள் பேசினால் வரும். காலையிலிருந்து அது கன்னத்துக்குள் காத்துக்கொண்டிருந்தது. தலையை ஆட்டலாம், விரலைக் காட்டலாம். அந்த இரண்டு மிக்கேலம்மாள்களும் அவளுக்குள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பஸ்ஸில் கொளுத்தச் சொன்னவள் ஒதுங்கி வழிவிட்டாள். பயம் போய்விட்டது என்றில்லை.

"மூணாவதுங்க" என்று வாய் திறந்து சொன்னாள். "எனக்கு இந்தக் கன்னம் வே..."

வெட்டியது. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே நாற்பத்தெட்டு கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, அது போய், அவள் அந்த வாக்கியத்தை முடிக்கிறவரை காத்திருந்தார்.